குதிகால் படாதவர்கள்

எங்கள் குடும்பத்தில் ஒரு கேலி உண்டு. குதிகால் தரையில் பட நடக்கிறவர்கள் எல்லாம் கல்யாணம் கட்டி வந்தவர்கள் என்பார்கள். அப்பா ஆரம்பித்து வைத்தது அது. அம்மா குதிகாலை நன்றாக ஊன்றி நடப்பாள். அப்பாவும் சுப்ரா அண்ணனும் நானும் முன்காலில் நடப்போம். தேயிலைச் சரிவில் ஏறுகிறவனுக்குக் குதிகால் எதற்கு, அது சமவெளிக்காரனுக்கு ஆண்டவன் கொடுத்தது என்று அப்பா வாய் கூசாமல் சொல்வார். எஸ்டேட்டில் எங்களுக்கு மலைக்கால் குடும்பம் என்றே பெயர். அந்தப் பெயரை நாங்களும் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தோம்.

கால் மட்டும் இல்லை, எங்கள் முழங்கைகளும் முழுதாக நீளாது. பெரிய கத்திரியில் தட்டைப் பொருத்திக் கொழுந்து வெட்டும் வேலை எங்களுடையது. நாள் முழுக்கக் கையை மடக்கிப் பிடித்தே வெட்ட வேண்டும். வெட்டி வெட்டி அது அந்த வாட்டத்திலேயே நின்றுவிட்டது என்று நாங்களே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தோம். அப்பாவுக்குக் கழுத்தும் வளையாது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் துரை வந்தால் எல்லாரும் தலை குனிவார்கள், அப்பா மட்டும் நட்ட கம்பாக நிற்பார். சின்னையாவுக்குத் திமிர் என்று அப்பா பெயரைச் சொல்லிப் பேசினார்கள். சாலை வளைவில் இருக்கும் முனியாண்டிக்கும் அவர் தலை குனிந்ததில்லை. அதனால் நாற்பது சொச்சம் வயசில் ஒரு நாள் பெரட்டிலேயே விழுந்து செத்தபோது, முனி அடித்துவிட்டது என்று ஊரே தீர்ப்புச் சொன்னது. குளிப்பாட்டியவர்கள் அவர் கையை நேராக்கப் பார்த்து முடியாமல், நெஞ்சின் மேல் வைத்து வெள்ளைத் துணியால் கட்டினார்கள். வேலைக்காரன் கை, செத்தும் கத்திரியை விடல பாரு என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் அதற்கும் பெருமையோடு அழுதோம்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் எஸ்டேட்டை விட்டு வந்துவிட்டேன். மலையிலேயே கியா பார்ம் என்கிற ஊரில், ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்போம், காய்கறிக் கடையில் வேலை. என் வீட்டுக்காரர் கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் மகள் பவித்ராதான் எங்கள் பிள்ளை. பாதி நாள் எஸ்டேட் வீட்டில் இருப்பாள், பாதி நாள் எங்கள் வீட்டில் என் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு இருப்பாள்.

அந்த வருடம் முழுக்க எனக்கு ஒரே அசதி. படி ஏறினால் மூச்சு வாங்கியது. நாற்பதைத் தொட்ட பொம்பளைக்கு இதெல்லாம் சகஜம் என்று நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் கடையில் பள்ளி விடுமுறைக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பெண்ணிடம் ஸ்ட்ராபெரிப் பெட்டியை நீட்டியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து நான் பார்த்தது தவுக்கேயின் மனைவி அட்டைப்பெட்டி மூடியால் எனக்கு விசிறிக்கொண்டிருந்ததை. சர்க்கரைவள்ளிக் கிழங்குக் குவியலின் மேல் மல்லாந்து கிடந்தேன். வலி ஒன்றும் இல்லை. வெளிச்சத்தை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

தானா ராத்தா மருத்துவமனையில் நெஞ்சிலும் கை காலிலும் ஒயர் ஒட்டி இசிஜி எடுத்தார்கள். காகிதம் வெளியே வந்ததும், எடுத்த பையன் அதைக் கிழித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினான். இதயம் துடிப்பதற்கு மேலறையில் ஒரு சின்ன மின்சாரம் பிறந்து கீழறைக்கு இறங்க வேண்டுமாம். எனக்கு அந்த வழி அடைத்துக்கொண்டிருந்தது. மேலறை ஒரு கணக்கில் அடிக்க, கீழறை தனக்குத் தோன்றியபோது அடித்துக்கொண்டிருந்தது. ஹார்ட் பிளாக் என்றார்கள். அன்றைக்கே ஆம்புலன்சில் ஏற்றி ஈப்போவுக்கு அனுப்பினார்கள். அந்த வளைவுப் பாதையில் இறங்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் இதோடு நின்றுவிடும், இதோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். அப்படிப் பயந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மலைக்குக் கீழே ஈப்போவில் வெயில். மலையில் பிறந்தவளுக்கு அந்தப் புழுக்கமே ஒரு நோய். தொடை ரத்தக்குழாய் வழியாகத் தற்காலிகமாக ஓர் ஒயரை இதயத்துக்குள் விட்டு, வெளியே ஒரு பெட்டியோடு இணைத்திருந்தார்கள். காலை மடக்கக் கூடாது, எழுந்து உட்காரக் கூடாது. மலஜலத்துக்குக்கூட நர்ஸ் மிஸியைக் கூப்பிட வேண்டும். எதிர்க்கட்டிலில் ஒரு மலாய்க்கார அம்மா ஒரு நாள் என்னைப் பார்த்துச் சிரித்தார், மறுநாள் அந்தக் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தார்கள். நான் யாரிடமும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் கோஸ் மூட்டைகளோடு லோரியை வெளியே நிறுத்திவிட்டுப் பார்வையாளர் நேரத்துக்கு ஓடி வருவார். அவர் வந்தால் வார்டு முழுக்க வெங்காயத்தாள் வாசம் வீசும். கட்டிலோரம் உட்கார்ந்து என் கால் நகத்தை வெட்டிவிடுவார். வெட்ட நகமே இல்லாத நாளிலும் வெட்டினார். பவித்ரா தன் காசில் ஸ்ட்ராபெரிப் படம் போட்ட காலுறை வாங்கிக் கொடுத்தனுப்பியிருந்தாள். ஆஸ்பத்திரிச் செலவு பெரும்பாலும் அரசாங்கத்தோடது, கருவிக்கு மட்டும் சமூக நல அலுவலகத்தில் அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சலை எல்லாம் அண்ணன் பார்த்துக்கொண்டார். லீவு கிடைக்கும் போதெல்லாம் பஸ் பிடித்து, ஃபிளாஸ்கில் ரசத்தோடு இறங்கி வந்துவிடுவார்.

அப்படி ஒரு நாள் அவர் என் கட்டிலோரம் நின்று ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் இதய டாக்டர் வந்தார். தலையை மூடித் தூடோங் அணிந்த சின்ன வயசுப் பெண். இசிஜி காகிதத்தைப் பார்க்க வந்தவர், அதை விட்டுவிட்டு அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையை நீட்டச் சொன்னார். அடுத்து அண்ணனை. இரண்டு பேர் கையும் பாதி வழியில் நின்றது. அண்ணனைச் சுவரோரம் நிறுத்திக் குதிகாலைத் தரையில் வைக்கச் சொன்னார். வரவில்லை. தாடையை நெஞ்சில் தொடச் சொன்னார். அதுவும் வரவில்லை.

"இது மலையில வேல செஞ்ச கை டாக்டர். கத்திரி புடிச்சு புடிச்சு இப்டி ஆயிருச்சு" என்று அண்ணன் சிரித்தார். எங்களுக்குத் தெரிந்த மலாயில் நானும் ஒத்து ஊதினேன்.

"உங்களோடு கத்திரி பிடித்த மற்றவர்களுக்கும் கை இப்படித்தானா?" என்று டாக்டர் கேட்டார்.

அண்ணன் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். நான் என் மனசுக்குள் எஸ்டேட் லைன் வீடுகளில் வரிசையாக ஆட்களைத் தேடினேன். பக்கத்து வீட்டு ராமாயி அக்கா எங்களைவிட அதிக வருடம் வெட்டியவள். கொடியில் துணி காயப்போடும்போது அவள் கை மூங்கில் கம்பு மாதிரி நேராக நீளும். எல்லாருக்கும் நீளும். இத்தனை வருடம் தினமும் பார்த்த கைகள். இந்தக் கேள்வியை எங்களில் ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை. ரசம் ஆறிப்போனது, யாரும் குடிக்கவில்லை.

அப்பா எப்படி இறந்தார் என்று டாக்டர் கேட்டார். முனி அடித்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. திடீரென்று விழுந்தார் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். அது கோலாலம்பூருக்குப் போய் முடிவு வர ரொம்ப நாள் ஆனது. அதற்குக் காத்திருக்காமல் என் இடது தோளுக்குக் கீழே தோலைக் கீறி ஒரு கருவியை வைத்தார்கள். வெறும் பேஸ்மேக்கர் போதாது என்றார் டாக்டர். துடிப்பு குறைந்தால் அது தூக்கிவிடும், ஆனால் இந்த நோயில் இதயம் திடீரென்று தறிகெட்டு ஓடவும் செய்யும். அப்போது உள்ளேயிருந்தே அதிர்ச்சி கொடுத்து நிறுத்துகிற கருவி வேண்டும். அது ஒரு முறை என்னைப் போட்டு அடித்திருக்கிறது. கோவேறு கழுதை நெஞ்சில் உதைத்தால் எப்படி இருக்கும் என்று இனி நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

முடிவு வந்த அன்று டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உட்கரு என்று ஓர் உருண்டை இருக்கிறது. நாம் யார், எப்படி வளர வேண்டும் என்கிற மரபணுக்கள் அதற்குள்தான். அந்த உருண்டைச் சுவரின் உட்பக்கத்தில், ஒட்டினாற்போல ஒரு வலை. லாமின் என்கிற புரதத்தால் பின்னியது. எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார், கியா பார்ம் என்றேன். "அப்படியானால் உங்களுக்கு எளிதாகப் புரியும். அங்கே காய்கறித் தோட்டங்களுக்கு மேல் போட்டிருக்கிற பிளாஸ்டிக் கூரை எதனால் நிற்கிறது? உள்ளே இருக்கும் கம்பியால். லாமின் அந்தக் கம்பி" என்றார். தக்காளிக் கொடியைக் கூரைக் கம்பியில் கயிறு கட்டித் தொங்கவிடுவது போல, மரபணு இழைகளும் அந்த வலையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றனவாம். எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா கிடக்க வேண்டும் என்பதில் வலைக்கும் பங்கு உண்டு. எங்கள் குடும்பத்துக் கம்பியில் பிறவியிலேயே ஒரு பிழை.

எல்லா செல்லிலும் அதே பிழைதான். ஆனால் ஓயாமல் இழுபடுகிற இடத்தில்தான் அது முதலில் காட்டிக்கொடுக்குமாம். தசைகள். அப்புறம் இதயம், அதற்கு லீவே கிடையாது. ஒரே லாமினில் பிழை இருக்கிற இடம் மாறினால் நோயும் மாறும் என்றார். சிலருக்குத் தோலுக்கடியில் கொழுப்பு கரைந்துபோகும். சில குழந்தைகள் பத்து வயதுக்குள் கிழடாகிவிடும். எங்களுக்கு முழங்கையும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரும் கழுத்தும் இறுகும், பிறகு இதயம். இறுக்கம் பல வருடம் முன்னாலேயே வந்துவிடும் என்றும் சொன்னார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. எங்கள் வீட்டில் அந்த மணியோசைக்கு இரண்டு தலைமுறையாகத் தாளம் போட்டிருக்கிறோம்.

இதைக் குணமாக்க மருந்து இல்லை. கருவி, மாத்திரை, கண்காணிப்பு. பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதி வாய்ப்பு. ஒருவருக்கு வந்ததால் அடுத்தவருக்கு வராது என்றெல்லாம் கணக்கு இல்லை. "உங்கள் அண்ணனைக் கூட்டி வாருங்கள். சீக்கிரம்" என்றார். அன்றைக்கு அவர் சொன்னதில் அந்த ஒரு வார்த்தைதான் காதில் நின்றது.

அண்ணன் வரவில்லை. ஆஸ்பத்திரி அலுவலகம் அலுவலகமாக எனக்காக ஏறி இறங்கிய மனிதன், தனக்காக ஓர் ஒயர் ஒட்டிக்கொள்ள மாட்டேன் என்றார். நான் எஸ்டேட் வீட்டுக்கே போனேன். அண்ணி கோப்பி கலக்கி வைத்துவிட்டு அடுப்போரமே நின்றாள்.

"ஒரு இசிஜி எடுத்துட்டு வா அண்ணே. அஞ்சு நிமிசம் லா."

"எடுத்தா டாக்டர் லெட்டர் குடுப்பாங்க. லேசான வேல குடுன்னு எழுதுவாங்க. மலையில ஏது லா லேசான வேல? கொழுந்து வெட்ற மெஷின் தூக்க முடியாதவன வச்சு அவனுங்க என்னா பூசையா பண்ணுவானுங்க? அப்புறம் வீட்ட காலி பண்ணு."

எஸ்டேட் வீடு வேலையோடு வருவது. வேலை போனால் வீடும் போகும். அப்பா செத்தபோது அண்ணன் பள்ளியை விட்டுவிட்டுப் பெரட்டில் போய் நின்றதும் அந்த வீட்டுக்காகத்தான்.

"வீடு போனா என் வீட்டுக்கு வா. மூணு பேரும் வாங்க."

"ஒம் புருசன் தலையில போய் ஒக்கார சொல்றியா? பவி பள்ளிக்கூடம் முடிக்கட்டும், அப்புறம் பாப்போம்."

"நீ செத்தாலும் வீடு போவும். அது தெரியுமா?"

அண்ணி திரும்பிப் பார்த்தாள். அண்ணன் சிரித்தார். அவருக்குக் கோபம் வந்தாலும் சிரிப்புதான் வரும், சின்ன வயசிலிருந்தே அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு அறையத் தோன்றும்.

"செத்தா கொஞ்ச நாள் டைம் குடுப்பானுங்க. ஒடம்பு முடியலன்னா அதுவும் கெடையாது" என்றார்.

நான் அழுதேன். அழுதால் அவர் தாங்க மாட்டார் என்று தெரியும், தெரிந்தேதான் அழுதேன். கடைசியில், சரி லா, ஒனக்காக வரேன், அடுத்த மாசம் மழை விடட்டும் என்றார். வாசல் வரை வந்து, தோளுக்குக் கீழே கருவி புடைத்திருந்த இடத்தைப் பார்த்து, வலிக்குதா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய்தான்.

மழை விட்டது. அவர் விழுந்தது நல்ல வெயில் நாளில். கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராகப் பிடித்துப் போவார்கள். மறுமுனையில் வங்காளதேசத்துப் பையன் ஜமால். திடீரென்று மெஷின் சாய்ந்ததும் சுப்ரா அண்ணன் விளையாடுகிறார் என்று நினைத்தானாம். சிரித்துக்கொண்டே திட்டினானாம். பிறகுதான் செடிகளுக்கு நடுவில் பார்த்திருக்கிறான். சாவு வீட்டில் அவன் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். யாராவது அவனை அடித்தால் தேவலை என்பது போல என் முன்னால் வந்து வந்து நின்றான்.

குளிப்பாட்டும்போது அண்ணனின் கையும் நீளவில்லை. வெள்ளைத் துணி கேட்டார்கள். வயசான ஒருவர், அப்பனுக்கும் இப்படித்தான், கத்திரிய விடமாட்டேன்னான் என்று ஆரம்பித்தார்.

"வாய மூடுங்க" என்றேன். "அது கத்திரி இல்ல. அது நோவு. எங்கப்பாவ முனி அடிக்கல, எங்கண்ணன முனி அடிக்கல. யாரும் இனிமே அப்படி பேசாதீங்க."

பொம்பளை அதிகம் பேசுகிறாள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அப்போது வேறொரு விஷயம் கண்ணில் பட்டுவிட்டது. வாசலில் செருப்பும் ஷூவும் குவிந்து கிடந்தன. அதில் பவித்ராவின் வெள்ளைப் பள்ளி ஷூ ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அடிப்பாகம் முன்னால் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. குதிகால் பக்கம் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி, கோடுகூட அழியாமல் இருந்தது.

எல்லாம் முடிந்து அண்ணியையும் பவித்ராவையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, ஒரு நாள் சமையல்கட்டில் அவளைச் சுவரோரம் நிறுத்தினேன். குதிகாலை வை பவி என்றேன். அழுத்திப் பார்த்தாள். கிட்டத்தட்டப் பட்டது. தரைக்கும் குதிகாலுக்கும் நடுவில் ஒரு காகிதம் போகுமா போகாதா என்று குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. ஃபோனில் டாக்டரிடம் சொன்னேன். அப்பாவைப் பார்த்துப் பழகி நடக்கிற பிள்ளைகளும் உண்டு, பழக்கமாகவும் இருக்கலாம், பரிசோதித்தால்தான் தெரியும் என்றார். பழக்கமாக இருக்கட்டும் என்று முனியாண்டியிடமே போய் வேண்டிக்கொண்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, அவர் ஒன்றும் செய்யவில்லையே. என்னால் முடிந்த மட்டும் தலையும் குனிந்தேன்.

பரிசோதனை எதற்கு என்று பவித்ராவுக்கு எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. பிளாஸ்டிக் கூரை, கம்பி, தக்காளிக் கொடி வரை சொன்னேன். ரத்தம் கொடுத்தாள். இன்று முடிவு சொல்லும் நாள். ஈப்போ ஆஸ்பத்திரி நடைபாதையில், நீல நாற்காலிகளில் உட்கார்ந்துதான் ஃபோனில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணி கோயில் திருநீற்றைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள். பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டால் மூவரும் நிமிர்கிறோம், வேறு பெயர் என்றால் குனிந்துகொள்கிறோம்.

கொஞ்ச நேரத்துக்கு முன் பவித்ரா என் தோளில் சாய்ந்து காதோரம் கேட்டாள்.

"அத்தை, எனக்கு இல்லன்னு வந்துட்டா?"

"வந்தா சாமிக்குத் தேங்கா ஒடைப்போம்."

"அப்ப நான் அப்பா காலு இல்லியா? அம்மா மாதிரி வெளியூர் காலா?"

எங்கள் கேலி அது. இந்தப் பிள்ளை தவழ்ந்த நாளிலிருந்து அவள் காதில் நாங்கள் மாற்றி மாற்றி ஓதியது. செத்துப்போன அப்பாவிடமிருந்து தனக்கென்று மிச்சம் இருக்கிறது அந்தக் கால் ஒன்றுதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதையும் பிடுங்கிவிடு சாமி என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அவள் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். இப்போதுதான் கதவு திறந்தது. மிஸி அவள் பெயரைக் கூப்பிடுகிறார். அவள் எழுந்து எனக்கு முன்னால் நடக்கிறாள். அண்ணன் நடை.